குடிக்காதவரின் ஈரல்

வாசகப் பெருமக்களே, நீங்களே சாட்சியாக இருந்து கேளுங்கள். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் பருத்த உடலினர் ஒருவரும் அவர் மனைவியும் அமர்ந்திருந்தனர். அம்மையாரின் மடியில் ஸ்கேன் உறை இருந்தது. வழக்கைத் தொடுத்தவர் அவரே.

"குடிக்காதவனுக்கு ஈரல் வீங்குமா? எனக்குத் தெரியாம எத்தினி நாளா குடிச்சிக்கினு கீற?"

"கொயந்த மேல சத்தியமா தொட்டதில்லமே! டாக்டர் இன்னா சொன்னாரு? ஒடம்பு பெருத்தா கொழுப்பு ஈரலுக்குள்ளயும் போயி சேருதாம். அதுவே அத்தப் புண்ணாக்கி வீங்க வெக்குதாம்."

"அவ்ளோ கொழுப்பு எங்கேர்ந்து வந்துச்சி?"

"போதும்னாலும் இன்னொரு கரண்டி சோறு வெக்கிறியே, அங்கேர்ந்துதான்."

 அம்மையாரின் குரல் தாழ்ந்தது.

"அப்ப ஊத்திக் குடுத்தவ நான்தானா?"

"நீ வெச்ச, சரி. தட்ட நீட்டினது யாரு? நான்தானே!"

திருப்புலிவனத்தில் பேருந்து நின்றது. ஊருக்கு இன்னும் தொலைவிருந்தும் கணவர் எழுந்தார். இறங்கி நின்று, பேருந்து முழுவதும் கேட்க உரைத்தார்:

"இன்னியிலேர்ந்து வேலை முடிஞ்சா இங்கியே எறங்கி, வூட்டுக்கு நடந்துதான் வருவேன். ரெண்டாவது கரண்டி கேட்டேன்னா, சோத்துப் பானைய என் கண்ணு முன்னாடியே கவுத்துடு!"