போட்டுக்குக் கார்பட்

"போட்டுக்குத்தான் மச்சான் இந்தக் கார்பட். எனக்குப் பாயே போதும்."

அக்கரைப்பற்று பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் நான் காதைக் கொடுத்தேன். சாய்ந்தமருதில் ஏறியவர்; போட்டு என்றது அவருடைய மீன்பிடிப் படகை. மடியில் ஒரு சிவப்புக் கார்பட் சுருள். பக்கத்தில் அவருடைய கூட்டாளி.

"போட்டு என்ன, புது மாப்பிள்ளையா?"

"போட்ட இழுத்துப்போற ட்ரெய்லர்ல, அது குந்துற ரெண்டு பலகைக்கும் மேல கார்பட் அடிச்சிரிக்கும். அது தேஞ்சி, பலகையும் உளுத்து, ஆணி வெளிய வந்திட்டு. ஆணி போட்டுட அடியக் கிழிச்சது கடலுக்குப் போய்த்தான் தெரிஞ்சிச்சி."

"அல்லாவே! பொறகு?"

"நானும் பொண்டாட்டிட தம்பியும் சோத்துச் சட்டியால தண்ணி இறைச்சி இறைச்சிக் கரைக்கி வந்தம். அவன் ஓதினான், நான் ஏசினன்."

"யார?"

"ஆணிய. இப்பப் புதுப் பலகை போட்டாச்சி, கார்பட்தான் பாக்கி. ட்ரெய்லர் ஒலுவில்ல நிக்கிது."

"இது உன்ட வீட்டு ஹோல்ல கிடந்ததுதானே? பொண்டாட்டி தந்தாவா?"

"அவ உம்மா வீட்ட போயிரிக்கா."

காரைதீவு தாண்டும்போது அவருடைய போன் அடித்தது. எடுத்ததும் மனைவியின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"வீட்ட வந்திட்டன். ஹோல் கார்பட் எங்க?"

"உன்ட தம்பிட உசிருக்காகத்தான் புள்ள எடுத்த. திரும்பவும் ஆணி கிழிச்சா அவன் மவுத்தாயிருவான்."



"அப்ப அறைக்குள்ள கிடக்கிற உங்கட உம்மா தந்த கார்பட்ட அடிங்க. அதுவும் உசிரக் காப்பாத்தும்."

அவர் போனைப் பைக்குள் போட்டார். கூட்டாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. நிந்தவூர் வந்ததும் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி, ரோட்டைக் கடந்து, வந்த வழியே கல்முனைப் பக்கம் திரும்பிப் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டினார்.