இரண்டாவது போல்ட்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் நடக்கும். குளியலறையில் ஓடவிட்டால், துணி அலசி முடிப்பதற்குள் சமையலறை வாசலுக்கு வந்து நின்றுவிடும். அதைப் பழுது பார்த்தவன் நான். அழைப்பு மணியும் என் கைவேலைதான். அழுத்தினால் கூடத்து விளக்கு அணையும். சல்ட் ஊரில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். உராய்வை என்னைப் போல விளக்க ஆளில்லை என்பார்கள். விளக்கும்வரை நான் ஒழுங்காகத்தான் இருப்பேன்.

அதிகாரி ஐயா, நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை. பிரேக் விஷயத்துக்கு இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

என் தம்பி ஹாஸிமிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. கரும்பச்சை, இரண்டே இருக்கை. உள்ளே போக இடுப்பை மடிக்க வேண்டும், வெளியே வர யாராவது கை கொடுக்க வேண்டும். யாரோ ஓட்டிச் சலித்ததை வாங்கி, பிள்ளை போல வளர்த்தான். அந்த வசந்தத்தில் முன்சக்கர பிரேக் கிரீச்சிட ஆரம்பித்தது. பேட் தேய்ந்துபோயிருந்தது, டிஸ்க்கில் விரல் வைத்தால் பள்ளம் தெரிந்தது. நானே மாற்றித் தருகிறேன் என்றேன். நான்கு நாள் வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்திருந்தேன். இறுக்கம் போதும் என்றதும் ‘டக்’கென்று சத்தம் கொடுக்கும் ஸ்பானர்கூட வாங்கி வைத்திருந்தேன்.

ஹாஸிம் என் குறிப்பேட்டை மரியாதையோடு புரட்டினான்.

“அண்ணே, வாஷிங் மெஷினை நீ நடக்க வச்ச. சாதாரண விஷயமில்ல. ஆனா இது நிக்கணும்ணே.”

அம்மா சிரித்தாள். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கார் ஜன்பேக்கின் பட்டறைக்குப் போனது. வாதி ஸீர் ஊரில் இருந்த சர்க்கேசிய இனத்து மெக்கானிக். மலையேற்றப் பந்தயக் கார்களெல்லாம் அவரிடம்தான் வரும். காரை எடுத்துவர நானும் போயிருந்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கிய பிறகு அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பார். கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை என்று அர்த்தம்.

“அபூ லைத், நீங்க வாத்தியார். ஒரு தடவை உங்க கண்ணால பாத்துடுங்க. அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்” என்றார். மகன் பெயரை வைத்து ஊரில் என்னை அபூ லைத் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நல்ல மனிதர். கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு அப்படிக் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹாஸிம் பள்ளிவாசலுக்குப் போயிருந்தபோது, எனக்கு முதுகு வலி என்று வீட்டில் இருந்துகொண்டேன். முற்றத்தில் காரை ஜாக்கியில் ஏற்றினேன். இதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்: கெடுப்பதற்காக நான் கழற்றவில்லை. ஏதாவது குறை கிடைத்தால் சாப்பாட்டில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் சொல்லலாம் என்று கழற்றினேன். பேட்களைக் கவ்விப் பிடிக்கும் காலிபருக்கு இரண்டு போல்ட். மேலே உள்ளதைத் தொடவில்லை. கீழே உள்ளதை எடுத்துவிட்டு, காலிபரை மேலே தூக்கிப் பார்த்தேன்.

குறை இல்லை. அவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

காலிபரை இறக்கி, கீழ் போல்ட்டை விரலால் திருகி உள்ளே விட்டேன். ஸ்பானரை எடுக்கக் கை நீட்டியபோது தெருமுனையில் ஹாஸிமின் குரல் கேட்டது. வேகமாகச் சக்கரத்தை மாட்டினேன், காரை இறக்கினேன், ஜாக்கியை எண்ணெய் டின்களுக்குப் பின்னால் தள்ளினேன். அவன் தூங்கிய பிறகு இறுக்கிவிடலாம் என்று இருந்தேன்.

அன்று மன்ஸஃப்; தயிரில் வெந்த ஆட்டுக்கறியும் சோறும். பெரிய தட்டைச் சுற்றி எல்லாரும் நின்றோம். ஹாஸிம் கறித்துண்டு ஒன்றைப் பிய்த்து என் பக்கம் தள்ளினான்.

“சாப்பிடுண்ணே. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? மெஷின் வீட்டை விட்டே போயிடுச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு, சாப்பிட்டதும் ஷூனாவுக்குப் போவதாகச் சொன்னான். கூட்டாளிகள் காத்திருக்கிறார்களாம். எங்கள் ஊரிலிருந்து ஷூனாவுக்குப் போவதென்றால் வாதி ஷுஐப் இறக்கம்; மலையிலிருந்து பள்ளத்தாக்கு வரைக்கும் வளைவுக்கு வளைவு பிரேக்கில் கால் வைக்க வேண்டும்.

எனக்கு நேரம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. அவன் கை கழுவினான், தேநீர் குடித்தான், இன்னொரு தேநீர் கேட்டான், செருப்பைத் தேடினான். செருப்பு என் செருப்புக்கு அடியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். ‘பொறு, ஒரு போல்ட் இறுக்கவில்லை’ என்று சொல்லியிருந்தால், எந்த போல்ட், யார் கழற்றியது, ஏன் கழற்றினாய் என்று கேட்பார்கள். சாப்பாட்டுக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அந்தக் கதை சல்ட்டில் இருபது வருடம் ஓடும்.

சந்து முனையில் பிரேக் போட்டுக் காட்டினான். கார் கச்சிதமாக நின்றது.

“பாத்தியா? கைன்னா இது கை” என்று கத்தினான்.

மெதுவாகப் போ என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அஸர் தொழுகைக்கு முன்னால், ஹாஸிம் இறந்துவிட்டான் என்று செய்தி வந்தது. கீழ் போல்ட் எங்கேயோ உருவி விழுந்து, காலிபர் புரண்டு, பிரேக் குழாய் அறுந்திருந்தது. மேல் போல்ட்டில் மஞ்சள் கோடு நேராக இருந்தது. கடைசியாக வேலை செய்தது யார் என்று போலீஸ் கேட்டார்கள். ஜன்பேக் என்றேன். அது பொய்யில்லை. நான் செய்ததை வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதல் இரண்டு நாள் ஜன்பேக், “ரெண்டையும் நான் இறுக்கினேன்” என்று சொன்னார். மூன்றாம் நாள், “இறுக்கினதா ஞாபகம்” என்றார். ஒரு வாரம் கழித்து, “நடுவுல போன் வந்துச்சோ என்னவோ” என்றார். அவருக்காக எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

நாற்பதாம் நாள் அவர் பக்கத்திலிருந்து ஜாஹா வந்தது, மன்னிப்புக் கேட்டு வரும் பெரியவர்கள் கூட்டம். அறுபது பெரிய மனிதர்கள், வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில். ஜன்பேக் கடைசி வரிசையில் கைகளை மடியில் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். தலைவர் முன்னால் கசப்புக் காப்பியை வைத்தோம். அவர் தொடவில்லை, கேட்டு வந்தது கிடைக்கும்வரை தொடமாட்டார்கள்.

“அபூ லைத், இது வேணும்னு செஞ்சதில்ல. கை மறந்து நடந்தது. உங்க வாசல்ல வந்து நிக்கிறோம். அவனை மன்னிச்சிடுங்க” என்றார்.

அப்பா இல்லாததால் பதில் என்னுடையது. அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அதை மனதில் வாக்கியமாகவே அமைத்துவிட்டேன். திரைக்குப் பின்னால் அம்மா நின்றாள். இவ்வளவு பேரும் சிரிப்பார்கள் என்று தோன்றியது. சாவு வீட்டில் யாராவது சிரிப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

“காப்பியைக் குடிங்க. கேட்டு வந்தது கிடைச்சாச்சு. எங்களுக்கு எதுவும் வேண்டாம்” என்றேன்.

எல்லாரும் எழுந்து என்னைத் தழுவினார்கள். இப்படி ஒரு பெருந்தன்மையைப் பார்த்ததில்லை என்று ஊரே பேசியது. ஜன்பேக் என் தோளில் முத்தமிட்டார்.

“என் கை இனிமே ஸ்பானரைத் தொடாது, அபூ லைத்.”

“அப்படியெல்லாம் பேசாதீங்க உஸ்தாத். யாருக்கும் தப்பு நடக்கும்” என்றேன்.

அவர் தொடவில்லை. ஆறு வருடம், ஒவ்வொரு பெருநாளுக்கும் இனிப்போடு வந்து அம்மாவின் முன்னால் தலை குனிந்து உட்கார்வார். ஒருமுறை அவர் இருக்கும்போதே வாஷிங் மெஷின் நடந்து கூடத்துக்கு வந்தது. அவர் எழப்போனார். பிறகு தன் கைகளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். மன்னித்தவர் என்று அவர் மகன்கள் அவர் உடல் வைத்த சந்தூக்கின் முன்பக்கத்தை எனக்குக் கொடுத்தார்கள். சுமந்தேன். பெரிய கனமில்லை.

போல்ட்டை இறுக்காமல் விட்டவன் நான். தெரிந்துகொண்டே தம்பிக்குச் செருப்பு எடுத்துக் கொடுத்து அனுப்பியவன் நான். இப்போது சொன்னால் ஜன்பேக் சங்கடப்பட மாட்டார். அதனால்தான் இத்தனை நாள் பொறுத்து வந்தேன்.

அந்த மன்னிப்பு இனி என்ன ஆகும் என்கிறீர்கள். ஐயா, அதில் நீங்கள் சந்தேகப்பட வேண்டாம். அன்று அறுபது பேர் முன்னால் நான் சொன்னது மனதாரச் சொன்னது. ஜன்பேக்கை நான் மன்னித்தது மன்னித்ததுதான். அதைத் திரும்பப் பெறும் எண்ணம் எனக்கில்லை.