யாருக்கும் தெரியாத குகை

செஞ்சியிலிருந்து தளவானூர் போகும் பஸ்ஸில், கருத்தரங்கு அட்டையை இன்னும் கழுத்திலிருந்து கழற்றாத பேராசிரியர் ஒருவரும், கூட வந்த ஆசிரியையும் என் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்து வாசிச்ச கட்டுரையை நாளைக்கு அச்சுக்குத் தரணும். ஊர்க்காரங்களுக்கே தெரியாத பல்லவர் குகைன்னு எழுதியிருக்கேன். ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்."

"இதுக்கு முன்னாடி பார்த்ததில்லையா சார்?"

"புத்தகத்துல பார்த்திருக்கேன்."

கண்டக்டர் விசில் ஊதினார்.

"குகைக்கோயில் எல்லாம் எறங்கு."

பாதி பஸ் எழுந்தது. தூக்குவாளியோடு எழுந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார்.

"குகைக்கா சார்? மத்தியானம் நாங்க அங்கதான் சோறு துண்றது. வாங்க, காட்டறேன்."

ஆசிரியை எழுந்துவிட்டார். பேராசிரியர் அசையவில்லை.

"உக்காருங்க மேடம். பார்த்துட்டா கட்டுரையை மாத்தணும்."