எண்பதாம் நாளில் வந்தவர்

மேடையிலிருக்கும் வங்கிக் கிளை மேலாளர் அவர்களே, பட்டறைத் தெருவிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் அதிகாரியின் துணைவியாரே!

எங்கள் கடன் பிரிவின் மூத்த அதிகாரி மறைந்து ஒன்பது நாள் ஆகிறது. அவர் மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவள் நான்.

தவணை தொண்ணூறு நாள் நின்றால் அது வாராக்கடன். அது விதி. ஆனால் எண்பதாம் நாளே உங்கள் வாசலில் வந்து நின்றவர் யார்? அவரல்லவா! அதனால்தானே ‘எண்பதாம் நாள்’ என்றே அவருக்குப் பெயர் வைத்தீர்கள்!

முதல்முறை நான் அவரோடு வந்தபோது, போல்ட் பட்டறைக்காரர் உள்ளே பார்த்துக் கத்தினார்: “டேய், எண்பதாம் நாளு வந்துட்டாருடா! டீ சொல்லு, வட்டி குறையுதான்னு பாப்போம்.”

“டீய நீயே குடிப்பா. ஆர்டர் புக்கை எடு,” என்றார் இவர்.

உங்களுக்கு ஆர்டர் தரும் பெரிய தொழிற்சாலைக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் எத்தனை சாப்பாடு போகிறது என்றும் விசாரிப்பார். தொழிற்சாலை முடங்குவது அறிக்கையில் வருமுன் அங்கே தெரிந்துவிடுமாம். கையில் இல்லாதவர் யார், கொடுக்க மனமில்லாதவர் யார் என்று பிரித்தறிந்த மனிதர்! பின்னவருக்கு அவர் ஒருநாளும் இரங்கியதில்லை.

இந்த நடை எப்படித் தொடங்கியது தெரியுமா? போன தொழில் மந்தத்தின்போது, கடன் நின்ற ஒரு பட்டறையின் லேத் இயந்திரத்துக்கு, நேரில் பார்க்காமலே சீல் வைக்கக் கையெழுத்திட்டார். இரண்டே மாதத்தில் தெருவுக்கு ஆர்டர் திரும்பியது. லேத் திரும்பவில்லை. அதன் சொந்தக்காரர் இன்று வேறொரு கம்பெனியில் காவலாளி.

“நான் விதியை மீறலம்மா,” என்றார் என்னிடம். “அதான் இன்னும் உறுத்துது.”

இப்போது? தொழிற்சாலை மறுபடியும் வாரத்தில் மூன்றே நாள். வட்டியும் ஏறிவிட்டது. ஒரே தேதியில் தவணை கட்டும் பத்தொன்பது பேருக்குத் திங்கட்கிழமை தொண்ணூறு முடிகிறது. அவர் போனது எழுபத்தொன்பதாம் நாள். மறுநாள் யாரும் உங்களிடம் வரவில்லை. நானும் வரவில்லை. மன்னியுங்கள்!

தலைமை அலுவலகம் கேட்கும் வாராக்கடன் பட்டியலில் என் கையெழுத்து வேண்டும். கண்ணால் பார்க்காத பட்டறைக்கு நான் கையெழுத்திட மாட்டேன். இது அவர் படத்துக்கு முன் நான் தரும் உறுதி. கையில் இல்லாத ஒவ்வொருவருக்கும் அவகாசம் கேட்டுத் தனித்தனியே எழுதுவேன். மறுத்துவிடுவார்களோ? தெரியவில்லை. சிலரைக் காப்பாற்ற முடியாமலும் போகலாம்.

இன்று சனிக்கிழமை. மலர் வைத்ததும் போய்ப் பட்டறையைத் திறந்து வையுங்கள். இதோ, பின்னாலேயே வருகிறேன்.