சாமிக்கு விட்ட புளியமரம்

டீ வேண்டாம் சார், குடித்தால் நெஞ்சு கரிக்கும். உட்கார்ந்தே சொல்கிறேன். களைப்பாக இருக்கிறது.

இந்த மலையில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய சொற்கள் என்றால் எனக்குப் பைத்தியம். அதில் ஒன்று டியோடாண்ட். போர்டில் எழுதினால், "டியோடரன்ட், சென்ட்டுதான சார்? ஸ்பெல்லிங்கு தப்பு" என்று பிள்ளைகள் சிரிக்கும். சென்ட் இல்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வண்டி ஏறி ஆள் செத்தால் வண்டிதான் குற்றவாளி. கடவுளுக்குச் சேர வேண்டியது என்று ராஜா அதை எடுத்துக்கொள்வார். அதுதான் டியோடாண்ட். ரயில் வந்து ஆட்களை அடிக்கத் தொடங்கியதும், எஞ்சினை யார் கொடுப்பது என்று சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

இந்த ஊரிலும் ஆளைக் கொன்ற மரம் சாமிக்கு என்பார்கள். அப்படியானால் அதன்மேல் யாரும் கோடரி வைக்க மாட்டார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

என் வாசலுக்கு நிழல் தந்த புளியமரம் பக்கத்து வீட்டுத் தீர்த்தகிரியுடையது. மனைவி போன பிறகு எனக்கு அதுதான் துணை. அதை வெட்டி விற்க அவன் வியாபாரியிடம் பேசிவிட்டான். போய்க் கெஞ்சினேன்.

"இன்னா சார், ஒரு மரத்துக்குப் போயி அழுவுறீங்க? கடைசியா ஒரு தரம் உலுக்கிட்டு வெட்டிர்றேன். உங்க வூட்டுக்கும் புளி குடுத்தனுப்புறேங்க."

நல்ல மனிதன்தான்.

சந்தை நாளில் அவன் வீட்டார் எல்லாரும் ஜமுனாமரத்தூர் போயிருந்தார்கள். ஏணி வைத்து ஏறி, அவன் நின்று உலுக்கும் கிளையைப் பாதிவரை அறுத்தேன். வெட்டில் சேறு பூசினேன். வயசான உடம்பு, தோள் விட்டுப்போயிற்று.

மறுநாள் உலுக்க ஏறியவன் கிளையோடு விழுந்தான். கீழே பாறை. அவன் மனைவி பெரியம்மாள் போட்ட கூச்சலைக் கேட்க முடியாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். மரமாவது பிழைத்ததே என்று நிம்மதியாக இருந்தது.

காரியம் முடிந்ததும் ஊரே கோடரியோடு வந்தது. பதறி ஓடினேன். "சாமி மரமாச்சே?"

"ஆமாங்க சார். சாமிக்குன்னா வெட்டி எரிச்சு சாம்பலக் கோயில்ல குடுக்கணுங்க. இத்தினி வருசம் இருக்கீங்க, தெரியாதா?" என்றார் நாட்டாண்மை தாண்டவராயன். கேட்டதே இல்லை சார். அகராதி போதும் என்று இருந்துவிட்டேன்.

எரிப்பதற்கு அவனோடு விழுந்த கிளையைப் புரட்டியபோதுதான் ரம்பம் பட்ட இடம் அவர் கண்ணில் பட்டது.

நான்தான் அறுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார். பெரியம்மாளிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள். கேட்கிறேன். ஆனால் அவளும் என்னிடம் கேட்க வேண்டும் சார். மரத்தில் முதல் வெட்டுப் போட்டது அவள்தான்.