விருந்தாளிக்கு முதல் நீராவி

சின்ன நாட்டுக்கு நாற்காலி போடும்போதுதான் கூடத்தில் இடம் போதாமல் போகும். பெரிய நாட்டின் தூதர் பிந்தி வந்தாலும் அவருக்காக மேசை நீளும். எங்கள் அமைச்சர் முந்தி வந்தாலும் தூணுக்குப் பின்னால்தான் உட்காருவார். எஸ்தோனிய வெளியுறவுப் பணியில், விருந்தினர் வரவேற்பு மரபுகளைக் கவனிக்கும் துறையில், முப்பது ஆண்டுகள் நான் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்வதானால், அந்தத் தூணோடு போராடியதுதான்.

முதலில் ஒரு திருத்தம். மைன்ஹார்டை நேற்று நீங்கள் இந்தக் காவல் நிலையத்தில் கொண்டுவந்து அடைத்திருக்கிறீர்கள். ஏரிக்கரையில் வெஸ்லி ஹார்கிரோவின் நினைவுக்கல்லைத் திறந்துவைத்த விழாவில், இரண்டு நாட்டுக் கொடிகளுக்கும் முன்னால், குடித்துவிட்டு எழுந்து நின்று, "நான்தாங்க அந்தப் புள்ளையக் கொன்னேன், இந்தக் கையாலதான் அடுப்பு மூட்டினேன்" என்று அவர் அலறியதை எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். எனக்குப் பெரும் சங்கடமாக இருந்தது. அவர் அழுததற்காக அல்ல. அவர் சொன்ன தகவல் பிழையானது என்பதற்காக. அடுப்பு மூட்டியவர் அவர். அது உண்மை. கொன்றவர் அவர் அல்லர். ஒருவர் செய்த வேலை இன்னொருவர் பெயரில் பதிவாவதை என் பணிக்காலத்தில் ஒருமுறைகூட நான் அனுமதித்ததில்லை. ஆகவே இன்று காலை முதல் பேருந்தைப் பிடித்து வந்தேன். மனம் உறுத்தியதால் வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள், உர்மாஸ். நீங்கள் காவல்துறைப் புலனாய்வாளர்; நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

நீங்கள் இளைஞர். நாடு என்பது உங்களுக்குப் பிறக்கும்போதே கிடைத்தது. எங்களுக்கு அப்படியில்லை. ஒரு காலத்தில் பெரிய நாட்டுக்காரர்கள் இருவர் எங்களைக் கேட்காமலேயே எங்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். மற்றப் பெரியவர்கள் கவலை தெரிவித்தார்கள். அந்தக் கவலை மிக உயர்ந்த நடையில் எழுதப்பட்டிருந்தது, நான் படித்திருக்கிறேன். ஒரு கமா இடம் மாறவில்லை. என் பெரியப்பா குடும்பத்தைச் சைபீரியாவுக்கு ஏற்றிச்சென்ற மாட்டுப் பெட்டி ரயிலை அந்த நடையழகு நிறுத்தவில்லை. அரை நூற்றாண்டு கழித்து நாடு மீண்டும் எங்கள் கைக்கு வந்தபோது, இரவல் மேசைகளில் உட்கார்ந்து எங்கள் வெளியுறவுக் கொள்கையை ஒரே வரியில் வகுத்துக்கொண்டோம்: இனி ஒருபோதும் தனியாக இல்லை. அதற்குப் பிறகு எழுதப்பட்ட கொள்கை விளக்கங்கள் எல்லாம் அந்த வரிக்கு உரைதான்.

தனியாக இல்லாமல் இருப்பதற்குப் பெரிய நாட்டின் படை எங்கள் மண்ணில் நிரந்தரமாக நிற்க வேண்டும். வந்துபோகும் படை விருந்தாளி. நிற்கும் படைதான் உறவு. கடலுக்கு அப்பாலுள்ள அந்தப் பெரிய நட்பு நாட்டின் பெயரை நான் சொல்லமாட்டேன், பழக்கம். அவர்கள் மேலவையில் இதை முடிவுசெய்யும் குழுவுக்குத் தலைவர் மூத்த ஹார்கிரோவ். வெஸ்லியின் தந்தை. அவர் எதிர்த்தார்.

அவருக்குத் தலைநகரில் ஒரு விருந்து கொடுத்தோம். அவருடைய இடப்பக்கத்து நாற்காலி எனக்கு. விருந்தோம்பலுக்கு நன்றி சொல்ல எழுந்தவர், எங்களுக்குப் பதிலாகப் பக்கத்து நாட்டு லாத்விய மக்களுக்கு நன்றி சொன்னார். எங்கள் அமைச்சர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நாங்கள் பயிற்சி செய்துதான் கற்றிருக்கிறோம்.

"மொத்தமா எத்தனை பேரு இருப்பீங்க?" என்று கேட்டார்.

"பதிமூணு லட்சம், ஐயா," என்றார் அமைச்சர்.

"அட, எங்க ஊர்ல ஒரு தெருத் திருவிழாவுக்கே அவ்வளவு பேர் வருவாங்க." மேசையில் எல்லாரும் சிரித்தார்கள்; நாங்களும்தான். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுப் பிள்ளைங்க எதுக்கு இம்புட்டு தூரம் வந்து சாகணும்? உங்க ஊர்ப் பேர் ஒண்ணுகூட என் வாயில நுழையல."

தப்பாக நினைக்கவில்லை. கேள்வி நியாயமானது. நான் பேச்சை அவருடைய குடும்பத்தின் பக்கம் திருப்பினேன்; அது என் தொழில். அவருக்கு ஒரு தம்பி இருந்தாராம். யாரும் இப்போது நினைவில் வைத்திராத ஒரு சண்டையில், தொலைதூரத்து மலைக்கிராமம் ஒன்றில், வண்டி கவிழ்ந்து இறந்துபோனாராம். அந்தக் கிராமத்துக்கு இவர் ஆண்டுதோறும் போகிறார். பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்திருக்கிறார், பாலம் போட்டிருக்கிறார், அந்த ஊர்ச் சாலைக்கு நிதி கேட்டு மேலவையில் சண்டை போட்டிருக்கிறார். நான்கு அசை கொண்ட அந்த ஊரின் பெயரைப் பிழையில்லாமல் உச்சரித்தார்.

"அவ்வளவு தூரம் வருஷா வருஷம் போகணுமா?" என்று கேட்டேன்.

"என் தம்பி அங்கதாம்மா இருக்கான். ஒண்ணுமில்லாத ஊர்ல போய்ச் செத்தான்னு எவனாவது சொல்ல விட்டுருவேனா?"

அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். பல மாதங்களாக ஓர் அமைச்சகமே தேடிக்கொண்டிருந்த விடை பழத்தட்டுக்கும் காப்பிக்கும் நடுவில் கிடைத்துவிட்டது. தன் இரத்தம் விழுந்த இடம் ஒன்றுமில்லாத இடம் என்பதை எந்த மனிதரும் ஒப்புக்கொள்ளமாட்டார். ஒப்புக்கொள்வதைவிட, அந்த இடத்தைப் பெரிதாக்கிவிடுவார்.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர்களுடைய தூதுக்குழு வந்தது. தந்தை வரவில்லை, மகன் வந்தார், குழுவின் ஆலோசகராக. அமைச்சர் என்னிடம், "ஹெல்கி அம்மா, ஒரு நாள் உங்க பண்ணைக்குக் கூட்டிட்டுப் போங்களேன். புகைச் சௌனாவுல உட்கார்ந்து நீராவிக் குளியல் போட்டு எழுந்தா மனுஷன் மனசு இளகிடும். கோட்டு சூட்டு இல்லாதவன்கிட்ட பேசறது சுலபம்," என்றார். அமைச்சர் கேட்டது அவ்வளவுதான். அவருக்கு வேறெதுவும் தெரியாது. வேறு எவருக்கும் தெரியாது. இதைத் தனி வரியாக எழுதுங்கள்.

வெஸ்லியை எனக்குப் பிடித்திருந்தது. இதையும் எழுதுங்கள். வந்த அன்றே சமையலறைக்குள் நுழைந்து, கேட்காமலே உருளைக்கிழங்கை உரிக்க உட்கார்ந்துவிட்டார். எங்கள் உயிரெழுத்துகளை வாயைக் கோணிக் கோணிப் பழகினார். பக்கத்துப் பண்ணைக் குழந்தைகள் அவரைச் சுற்றிக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்கள். பிடிக்காத ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதற்குப் பெயர் பகை. பகை ஒரு கொள்கை ஆகாது. மேலும், ஊர் உண்மையாக அழ வேண்டும். ஊர் நடிக்காது.

எங்கள் பக்கத்துப் புகைச் சௌனாவைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் தலைநகரத்துக்காரர் என்றாலும் உங்கள் அம்மா இந்தப் பக்கம் என்று கேள்விப்பட்டேன். புகைபோக்கி கிடையாது. கல்லுக்கு அடியில் காலையிலிருந்து விறகு எரியும். எரிந்து முடிந்ததும் தணலை வாரி வெளியே கொட்டி, கதவையும் கூரையோரத் திறப்பையும் விரியத் திறந்துவைத்து, நச்சுக்காற்று முழுக்கப் போன பிறகுதான் ஆளை உள்ளே விடுவோம். அந்தக் காற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் இது தெரியும். கடலுக்கு அப்பாலிருந்து வந்தவருக்குத் தெரியாது.

மைன்ஹார்ட் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். என் அண்ணன் காலத்திலிருந்து எங்கள் சௌனாவை அவர்தான் மூட்டுகிறார். அன்றும் மூட்டினார். விறகு எரிந்து அடங்கிய நேரத்தில் அவரிடம் போய், குளத்தில் போட்ட வலையை எடுத்துவரச் சொன்னேன்.

"இப்பவா? அமைச்சகத்து மகாராணிக்கு மீன் வேணும்னா அடுப்பு காத்துக்கிட்டு இருக்குமா?" என்று சிரித்தார்.

"விருந்தாளிங்க பசியா இருக்காங்க. போயிட்டு வா."

"தணலை இன்னும் வாரல, ஹெல்கி. வந்து வாரிக்கிறேன். அதுவரைக்கும் ஒருத்தரையும் உள்ள விட்டுடாத. உனக்குச் சொல்லணுமா என்ன?"

எனக்குச் சொல்ல வேண்டியதில்லைதான்.

அவர் மரங்களுக்கு அப்பால் மறைந்ததும் கூரையோரத் திறப்பை மூடினேன். வீட்டுக்குள் போனேன். குழுவினர் கறுப்பு ரொட்டியும் புகையிட்ட மீனும் பீருமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எங்களிடம் ஒரு பழைய வழக்கம் இருப்பதாகவும், வந்தவர்களில் வயதில் இளையவருக்கே முதல் நீராவி என்றும், அவர் அதைத் தனியாக ஏற்க வேண்டும் என்றும், அது நாங்கள் செய்யும் உயர்ந்த மரியாதை என்றும் அறிவித்தேன். அப்படியொரு வழக்கம் எங்களிடம் இல்லை. இருந்ததும் இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் மரபுத் துறையில் இருந்தவள் ஒன்றை மரபு என்று சொன்னால் யாரும் சந்தேகிப்பதில்லை. மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். "போடா வெஸ்லி, உனக்குத்தான் அதிர்ஷ்டம். வெந்து வராத," என்று ஒருவர் கிண்டல் செய்தார். நேற்று நினைவுக்கல்லின் முன்னால் மூத்த ஹார்கிரோவ் அந்த வழக்கத்தைப் புகழ்ந்து பேசியதைக் கேட்டிருப்பீர்கள். சுற்றுலாக் கையேடு ஒன்றிலும் அது இப்போது ஏறிவிட்டது.

நான் கதவைப் பூட்டவில்லை. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.

மைன்ஹார்ட் மீனோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர்தான் தோளில் போட்டு வெளியே தூக்கிவந்தார். புல்லில் கிடத்தி, மருத்துவர் வரும்வரை மார்பை அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தணலை வாரணும்னு உங்கிட்ட சொன்னேனே ஹெல்கி, சொன்னேன்ல?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். வாரிவிட்டதாகச் சொல்லிவிட்டுத்தானே போனாய் என்றேன். சில நாட்களில் அவருக்கே அப்படித்தான் நினைவு வந்தது. பிழை யாருக்கும் வரும் என்று நான் ஆறுதலும் சொன்னேன். அவர் குடிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு திட்டத்தில் எல்லாவற்றையும் எதிர்பார்க்க முடியாது.

விளைவைப் பாருங்கள். தந்தை வந்தார். ஊரே கறுப்பு உடுத்தி நின்றது. குழந்தைகள் பாடினார்கள். என் பண்ணையின் வாசலில் அவர் மண்டியிட்டார். திரும்பிப் போனவர், அடுத்த கூட்டத்திலேயே எங்களுக்காகக் கைதூக்கினார். "என் மகன்தான் என்னை மாற்றினான்," என்று மேலவையில் சொன்னார். இன்று அவர்களுடைய படை இங்கே நிற்கிறது. குடும்பங்களோடு, பள்ளிக்கூடத்தோடு நிற்கிறது. எங்கள் சிற்றூரின் பெயரை மூத்த ஹார்கிரோவ் நேற்று எவ்வளவு திருத்தமாக உச்சரித்தார் என்பதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன்.

என்னை நீங்கள் எந்தச் சட்டப்பிரிவில் வேண்டுமானாலும் நிறுத்துங்கள். மன்னிப்புக் கேட்கமாட்டேன். எல்லைக்கு அப்பாலிருந்து டாங்கிகள் வந்திருந்தால் எத்தனை வெஸ்லிகள், எத்தனை உர்மாஸ்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தளபதி ஒருவர் ஆயிரம் பேரைச் சாவுக்கு அனுப்பினால் அவருக்குச் சிலை வைக்கிறீர்கள். நான் ஒருவரை அனுப்பினேன். பெரும்படையில்லாத நாட்டின் தளபதி நான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே அந்த நாள் திரும்பி வந்தாலும் மைன்ஹார்டைக் குளத்துக்கு அனுப்புவேன், திறப்பை மூடுவேன். நாட்டுக்கு அது தேவைப்பட்டது. தேவை இல்லாமல் இந்தக் கை ஓர் எறும்பைக்கூட நசுக்கியதில்லை.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? கேளுங்கள்.

"இல்லம்மா... நேத்து மூத்தவர் எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. மகன் செத்த அன்னைக்கு மதியம் ரெண்டு பேரும் போன்ல பேசியிருக்காங்க. 'சரிடா, நீ சொல்றதுதான் சரி, படையை அனுப்ப ஒத்துக்கிறேன்'னு அப்பவே சொல்லிட்டாராம். மகன் மாத்தினான்னு அவர் சொன்னது அதைத்தான். இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லதான? தெரிஞ்சிருந்தா நீங்க..."

வாக்கியத்தை முடியுங்கள், உர்மாஸ். முடிக்கமாட்டீர்கள். தெரியாது என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்துக் கருணையோடு பார்க்கிறீர்கள். நான் பிழையான தகவல் தருவதில்லை.

தெரியும். சௌனாவுக்கு வெளியே பலகையில் நான் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவரே சொன்னார். நல்ல செய்தியை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை. "மேடம், அமைச்சர்கிட்ட நாளைக்குத்தான் சொல்லணும்னு இருந்தேன், முடியல. அப்பா ஒத்துக்கிட்டாரு. ஆறு மாசமா அவரோட சண்டை போட்டேன் தெரியுமா? உங்க ஊருக்குப் படை வருது. நீங்கதான் முதல் ஆளா கேக்கறீங்க."

நான் முறைப்படி நன்றி சொன்னேன். எழுந்து கதவைத் திறக்க இரண்டே எட்டு. ஆனால் வாக்குறுதி என்பது என்ன? அடுத்த தேர்தல் வரைக்கும் இருப்பது. கல்லறை அப்படியல்ல, அது இடம் மாறாது, மனமும் மாறாது. இதை நான் அவசரத்தில் முடிவுசெய்யவில்லை. நிதானமாக யோசித்தேன். யோசிக்கப் போதிய நேரம் இருந்தது.

சற்றுக் கழித்து அவர் குரல் மெதுவாக வந்தது. "மேடம், தலை ரொம்ப வலிக்குது. கால் எழும்பமாட்டேங்குது. இது இப்படித்தான் இருக்குமா?"

விருந்தாளி கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை அன்று. "ஆமாப்பா," என்றேன். "முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். கீழ்ப் பலகையில படுத்துக்கோங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்."