அசலைவிட நல்ல பதக்கம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் ஐயா: அரசாங்கம் கொடுத்த வீரப்பதக்கம் மட்டமான சரக்கு.

குறையாகச் சொல்லவில்லை. சண்டைக்கு நடுவே அவசரத்தில் அடித்தது. அச்சில் விரிசல் விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. அதனால் நட்சத்திரத்தின் குறுக்கே மயிரிழைபோல ஒரு மேடு. வளையம் கோணல். ஓரத்து இலைகளெல்லாம் ஆடு மேய்ந்த மாதிரி. என் பட்டறையில் அதே பதக்கத்தைச் செய்தபோது இவற்றையெல்லாம் திருத்தினேன். மட்டமாகச் செய்யக் கை கேட்கவில்லை. அடித்ததைக் கோழிக்கூண்டில் எச்சத்தோடு சில நாள் புதைத்துவைத்தால், ஒரு போரைப் பார்த்துவந்த முகம் வந்துவிடும். என் கோழிகளுக்கு ராணுவ ஓய்வூதியம் கொடுத்திருக்க வேண்டும்.

பதக்கம் சேகரிப்பவர்கள் என்னுடையதை அசல் என்று வாங்கினார்கள். அவர்களுடைய சங்கத்துக் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்ததெல்லாம் என் பிள்ளைகள். கூர்மையாக இருந்தால் அசல், மழுங்கியிருந்தால் போலி என்று அவர்களே ஒரு விதி செய்துகொண்டார்கள். பார்த்துச் சொல்ல என்னையே நியமித்தார்கள். நான் கேட்கவில்லை.

என் தங்கை புருஷன் அந்தப் பதக்கத்தை உண்மையிலேயே வாங்கியவர். போர்முனையில் எரிகிற வண்டியிலிருந்து ஆட்களை இழுத்துப் போட்டார். பாதி விரல்கள் அங்கேயே போயின. சட்டைப் பொத்தான் போட தங்கைதான் வேண்டும். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அவரை மேடையேற்றினார்கள். செயலாளர் அவர் நெஞ்சைக் குனிந்து பார்த்து, “என்ன பெரியவரே, பழைய இரும்புக் கடையில வாங்குனீங்களா?” என்றார். கூட்டம் சிரித்தது.

மாப்பிள்ளையும் சிரித்தார். என் பக்கம் கைகாட்டி, “எங்க மச்சான் இருக்காரு. அவரு பார்த்துச் சொல்லட்டும்” என்றார்.

பதக்கத்தை உள்ளங்கையில் வாங்கினேன். இது அசல் என்றால் சுற்றியிருந்த பெட்டிகள் அத்தனையும் போலி. ஒரு மனிதரா, அத்தனை பெட்டிகளா என்று யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன்.

“போலி” என்றேன்.

அவர் என்னை ஒரு வார்த்தை வையவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, “அப்போ எனக்குக் கொடுக்கும்போதே ஏமாத்திட்டாங்களா மச்சான்?” என்று கேட்டார்.

“இருக்கும் மாப்பிள்ளை. அந்தக் காலத்துல என்னென்னவோ நடந்துச்சு.”

தலையாட்டிக்கொண்டார். பதக்கத்தை நானே வைத்துக்கொள்கிறேன் என்றதற்கும் தலையாட்டினார். அதன் பிறகு அவர் வெளியே வருவதில்லை. தங்கையிடம் திரும்பத் திரும்பக் கேட்பாராம்: “நான் அங்க போனேன்ல? வண்டி எரிஞ்சுதுல்ல?” அவள் ஆமாம் என்பாள். “உனக்கெப்படித் தெரியும், நீ பார்த்தியா?” என்பாராம். தங்கை கொடுக்கும் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிவைத்து, அவள் அந்தப் பக்கம் போனதும் சன்னலுக்கு வெளியே துப்பியிருக்கிறார். அவர் செத்த பிறகுதான் அவள் அவற்றைச் செடிகளுக்கு நடுவில் பார்த்தாள்.

அவருடைய பதக்கம் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? உருக்கிவிட்டேன். வெளியூரிலிருந்து விவரம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்தால் என் பிள்ளைகளின் கதி என்ன? ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அதே உலோகத்தை, ஒரு துளி வீணாக்காமல், என் அச்சில் மறுபடி அடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக ஒன்று விழுந்ததில்லை. அதைக் கொண்டுபோய், கிடத்தியிருந்த அவர் நெஞ்சில் நானே குத்தினேன்.

தங்கை அருகில் உட்கார்ந்து, முன்பெல்லாம் செய்ததுபோல் துடைப்பதற்காகக் கட்டைவிரலை நட்சத்திரத்தின் குறுக்கே ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். “இது அவரோடது இல்லண்ணே” என்றாள். “அவரோடது எங்கே?”

அவள் அழவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் நேராக உங்கள் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறாள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு முன்கோபம் ஐயா. நீங்கள் எழுதுவதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எப்படியும் நாளைக்கு அவளே வந்து என்னை அழைத்துப் போய்விடுவாள். பாவம், என்னைவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?